கிட்டங்கியின் ஏழு வாய்

வாவியில் தண்ணீர் எவ்வளவு ஏறுவது என்பது எங்கள் ஊரில் கூட்டம் போட்டு முடிவெடுக்கிற விஷயம். மழை தன்பாட்டுக்குப் பெய்யும். பெய்த தண்ணீர் கடலுக்குப் போக வேண்டுமானால் முகத்துவாரத்தில் மறித்துக் கிடக்கிற மணல்மேட்டை வெட்ட வேண்டும். வெட்டுவதா பொறுப்பதா என்பதில் எங்களிடம் இரண்டு கட்சி. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் வயல் செய்கிறவர்களுக்குக் கார்த்திகை பிறந்த கையோடு வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் முளைத்த நெல் தண்ணீருக்குள். தோணியில் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு கிழமை பொறுக்க வேண்டும், வலையில் படுகிற றால் பருத்த பிறகு வெட்டினால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும். இரண்டு பகுதியும் அதிகாரிகளுக்கு முன்னால் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பிச் சண்டை பிடிக்கும். எந்த வருடம் யாருடைய தொண்டை பெரிதோ, அந்த வருடத்துத் தண்ணீரின் உயரம் அதன்படி.

இது தெரியாமல் வெளியூரிலிருந்து வந்து பிழை விட்டவள் என்றால் என்னை மன்னிக்கலாம். நான் மட்டக்களப்பு வாவிக்கரையில், களுதாவளையில் பிறந்தவள். அப்பா இளையதம்பிக்கு வெல்லாவெளிப் பக்கத்து வயல்வட்டை ஒன்றில் நாலு ஏக்கர் வயல். போன வருடம் முகத்துவாரத்தை வெட்டச் சொல்லி அப்பாவும் ஆட்களும் வீதியில் குந்தியபோது, அவருக்குச் சோற்றுப் பார்சல் கொண்டுபோனவள் நான். கொண்டுபோனதோடு நில்லாமல் பக்கத்தில் குந்தி நானும் கத்தினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில், தொண்டை அதற்குத் தோதாக. அந்த வருடம் எங்கள் கட்சி வென்றது. நினைத்ததற்கு இரண்டு கிழமை முந்தியே வெட்டினார்கள்.

அதற்கு இருபத்தெட்டாம் நாள், அதே நான், மட்டக்கோலைத் தூக்கிக்கொண்டு, புதுக் கட்டட வேலை ஒன்றுக்காக உப்புக் கிட்டங்கிக்கு முன்னால் வாவிக்குள் இறங்கினேன். அடைமழை. வாவி நிறைந்து நுரைத்துக்கொண்டிருந்தது. இந்த மழைக்கே இவ்வளவுதான் ஏறியிருக்கிறது, இதற்கு மேல் ஒரு அடி கூட்டிப் போட்டால் யாரும் வாய் திறக்க முடியாது என்று அளந்து எழுதிக் கையொப்பமும் வைத்தேன். முகத்துவாரம் திறந்து கிடக்கிறது என்பது என் மண்டையில் ஏறவேயில்லை. வெட்டச் சொல்லிக் கத்தின வாயும் அளவை எழுதின கையும் ஒரே உடம்பில்தான் இருந்தன.

உப்புக் கிட்டங்கி என்பது பெயர்தான், இருபது வருடமாக அது நூதனசாலை. ஒல்லாந்தர் கட்டியது என்று ஒரு பேச்சு, அவர்களுக்குப் பிறகு வந்த வெள்ளைக்காரர் கட்டியது என்று இன்னொரு பேச்சு. முதலில் உப்பு மூட்டை, பிறகு நெல், பிறகு பூட்டு, அதற்குப் பிறகு பழைய பானைகளும் கல்வெட்டுத் துண்டுகளும். தொண்ணூறடி நீளம். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் சேர்த்துக் கட்டிய இரண்டடி கனச் சுவர். தரை நிலத்திலிருந்து இரண்டரையடி உயரத்தில், சின்னச் சின்ன வளைவுகளின் மேல் நிற்கிறது. அந்தத் தரைக்குக் கீழே முற்றத்துப் பக்கம் ஏழு வளைந்த வாய்கள், வாவிப் பக்கம் ஏழு வாய்கள். ஒரு நாய் தலை குனிந்து ஒரு பக்கத்தால் நுழைந்து மறு பக்கத்தால் வரலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பந்து உள்ளே போனால் நாயை அனுப்பித்தான் எடுப்பது. அந்த வாய்கள் எதற்கு என்று எந்தப் பலகையிலும் எழுதியிருக்கவில்லை.

நூதனசாலைக்குப் பக்கத்தில் புது மண்டபம் ஒன்று கட்ட முடிவானபோது கட்டடப் படம் வரைந்தவர் உதயரூபன் சேர். மட்டக்களப்பார்தான், கொழும்பில் கந்தோர் வைத்திருக்கிறார். நான் அவருடைய தள இன்ஜினியர். கெட்டிக்காரர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கிட்டங்கிக்கும் வாவிக்கும் நடுவில் தாழ்வான ஒரு கண்ணாடி மண்டபம். பழைய தரையிலிருந்து புதுத் தரைக்கு ஒரு படிகூட ஏறாமல் இறங்காமல் நடந்து போகலாம். வாவியில் தோணியில் போகிறவன் திரும்பிப் பார்த்தால் கீழே ஒரு சாம்பல் நிற அடிச்சுவர், ஒடிவு முறிவு இல்லாமல் தொண்ணூறடி ஓடும். அதற்கு மேல் கண்ணாடி, கண்ணாடிக்கு மேல் பழைய ஓட்டுக் கூரை. "ஒரே கோடு, கம்சா. அவ்வளவுதான் என்ட வேலை" என்று சொல்லுவார்.

அந்த ஒரே கோடு போடுவதற்கு முன்னால் அவர் என்னிடம் கேட்கத்தான் செய்தார். "இந்த ஓட்டைகள் என்னத்துக்கு?"

"காத்துக்கு சேர். உப்பு ஈரம் பிடிக்காம இருக்க வச்சிருப்பாங்க." படித்தவள் அல்லவா, பதில் உடனே வந்தது.

"அப்ப அடைபட்டாப் பரவாயில்லையா? முற்றத்துத் தண்ணி?"

"ரெண்டு பைப் வச்சாக் காணும் சேர். நான் மட்டம் பார்த்துத்தான் சொல்றன்."

அவர் நம்பினார். ஆவணியில் அடிச்சுவர் எழும்பியது. தூண்கள் நின்றன, மேலே ஓடுகிற பீம் போட்டோம், பீமுக்குக் கீழே தூணுக்குத் தூண் சீமெந்துக் கல் வைத்துக் கொங்கிறீற்றால் நிரப்பினோம். இரண்டு அந்தத்திலும் கிட்டங்கிச் சுவரோடு கொண்டுபோய் இறுக்கினோம். உள்ளே கிறவல் மண் நிரப்பித் தரை போடுவதையும் கண்ணாடி போடுவதையும் மாரி முடிய என்று விட்டிருந்தோம். கிட்டங்கியின் ஏழு வாயும் அந்தச் சுவரை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தன.

இந்த வருடம் தோணிக்காரர் கட்சி வென்றது.

கார்த்திகை நடுவில் ஒரு காலை, ஆறு மணி இருக்கும், அப்பா போன் எடுத்தார். வேளாண்மைக் காலத்தில் அவர் வயல் வாடிக் குடிலில்தான் கிடப்பார்.

"இஞ்ச பாரு பிள்ள, வாடிக்குள்ள தண்ணி வந்திட்டு. பயிர் மூணு நாளா மூடிக் கிடக்கு. இவனுகள் இன்னும் முகத்துவாரம் வெட்டுறானுகள் இல்ல. நாளைக்கு வீதிக்கு இறங்கப் போறம். நீயும் வா, உன்ட தொண்டை வேணும்."

சிரித்தேன். சிரித்துக்கொண்டே, ஏன் கேட்டேனோ தெரியாது, "போன வருசம் எண்டைக்கு அப்பா வெட்டின?" என்றேன்.

"நவம்பர் இருபது. நீதானே சோறு கொண்டந்த."

"நவம்பர் இருபதா?"

"ஓம், உங்கம்மாட பிறந்தநாள் எண்டு பாயாசமும் கொண்டந்தாய். மறந்து போச்சா?"

மறக்கவில்லை. போனை வைத்துவிட்டு அலுமாரியிலிருந்து அளவுக் கொப்பியை எடுத்தேன். டிசம்பர் பதினெட்டு. என் கையெழுத்து, என் கையொப்பம், பக்கத்தில் கோடு கீறி "அதியுயர் வெள்ள மட்டம்" என்று அழகாக எழுதியும் வைத்திருந்தேன். வாவி திறந்து ஓடிக்கொண்டிருந்த நாளில் அளந்துவிட்டு, அதை வாவியின் உச்சம் என்று எழுதியிருக்கிறேன். அம்மா தேத்தண்ணீரை நீட்டினாள். வாங்காமல் ஸ்கூட்டியை எடுத்தேன்.

மழைக்குள் ஓடிக்கொண்டே கணக்குப் பார்த்தேன். அடிச்சுவரில் அந்த இரண்டு பைப்பும் நான் எழுதிய மட்டத்துக்கு ஒரு சாண் மேலே இருக்கிறபடி வைத்தவை. வாவி அதற்கு மேல் ஏறினால் பைப் முழுதும் தண்ணீருக்குள். அதால் முற்றத்துத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். முற்றத்துக்கு வருவதோ பின்னால் இருக்கிற நாலு தெருவின் வடிகால் கானில் ஓடி வருகிற தண்ணீர். அதற்கு வாவிக்குப் போக இருந்த ஒரே வழி கிட்டங்கியின் வயிற்றுக்குள்ளால்தான். இப்போது அதை நான் அடைத்து வைத்திருக்கிறேன். காற்றுக்காம் காற்றுக்கு!

போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். முகைதீன்பாவா காக்கா எனக்கு முந்தியே வந்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரோடு நின்றார். காத்தான்குடி மேசன் பாஸ், கொத்து வேலைக்குத் தலைவர், என்னோடு இது மூன்றாவது வேலை. வாய் ஓயாமல் பகிடி விடுகிற மனிதர், அன்றைக்குப் பகிடியைக் காணவில்லை.

"இஞ்ச வாங்க புள்ள. இதப் பாருங்க."

முற்றத்துப் பக்கச் சுவரில், தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, படுக்கையாக ஒரு விரிசல். முந்தின நாள் இல்லாதது. பக்கத்தில் காது வைத்தால் உள்ளுக்குள் சுண்ணாம்பு பொரபொரவென்று உதிர்கிற சத்தம். அந்தச் சுவர் தண்ணீரை மறித்து நிற்கக் கட்டிய சுவரல்ல. இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் தண்ணீர் நின்றால் இன்னும் இருநூறு வருடம் நிற்கும். இப்போதோ முற்றத்துத் தண்ணீர் புதுச் சுவரை வாவிப் பக்கம் தள்ள, அதோடு இறுக்கிய பழைய கட்டடமும் சேர்ந்து இழுபட்டது, அதைத் தாங்குவது அதற்குத் தெரிந்த வேலை அல்ல.

காக்கா விரிசலுக்குக் குறுக்கே கொஞ்சம் சாந்து அப்பிவிட்டார். "இது பொளந்திச்செண்டா சுவர் நடக்குது எண்டு அர்த்தம்." ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த இடைவெளியில் டீசல் பம்ப் ஒன்றை இறக்கி முற்றத்துத் தண்ணீரை வாவிக்கு அடித்தோம். தண்ணீர் ஒரு விரல்கூடக் குறையவில்லை. நாலு தெருக் கானோடு ஒரு பம்ப் மல்லுக்கட்டினால் வேறென்ன நடக்கும். ஒன்பது மணிக்குச் சாந்து நடுவால் பிளந்தது.

உதயரூபன் சேருக்குப் போன் எடுத்தேன்.

"சேர், சுவர் நடக்குது. அடிச்சுவரில ஏழு இடம் உடைக்கணும். கிட்டங்கி வாய்க்கு நேரே நேரே."

"என்னது? கம்சா, நான் இண்டைக்கு ரயில் ஏறுறன். விடியக் காலமை அங்க நிப்பன். அதுவரைக்கும் ஒண்டும் தொடாத."

"விடிய மட்டும் சுவர் நிக்காது சேர்."

"ரெண்டு சூறாவளி பார்த்த சுவர். ஒரு ராவுக்கு நிக்காதா?"

"சூறாவளி நேரம் வாய் திறந்து கிடந்த சேர். இப்ப நான் மூடி வச்சிரிக்கன்."

"அந்த ஒரே கோட்டை உடைச்சா என்ட கட்டடத்தில மிச்சம் என்ன இருக்கு? ஓட்டை ஓட்டையா... நீ பம்ப் இன்னும் ரெண்டு எடு. நான் வந்து பார்த்துச் சொல்றன். இது ஓடர்."

வைத்துவிட்டார். அவர்மேல் வந்த கோபம் பாதி வழியிலேயே திரும்பி என்மேல் வந்தது. அவர் என்ன செய்வார்? நான் எழுதிக் கொடுத்த மட்டத்தை நம்பி வரைந்த மனிதர். அவருடைய கோடு என் பிழையின் மேல் ஓடுகிறது. இந்தச் சுவர் விழுந்தால் விழுவது கிட்டங்கி, விழுத்தியது நான்.

சுதாகரன் குடையோடு வந்து நின்றான். நூதனசாலைக் காவலாளி, மனைவியின் அண்ணன்மார் தோணிக்காரர்.

"மிஸ், கூட்டம் இண்டைக்கும் வச்சிரிக்கிறாங்களாம். ஆனா இந்தக் கிழமை வெட்டமாட்டாங்க. இப்ப வெட்டினா றால் எல்லாம் கடலுக்குப் போயிரும். இன்னும் அஞ்சு நாள் விட்டாக் காணும்."

ஒரு கணம் எனக்கும் அப்பாவோடு போய் வீதியில் குந்தலாம் போல இருந்தது. கத்திக் கத்தி முகத்துவாரத்தை வெட்டவைத்தால் வாவி இறங்கும், வாவி இறங்கினால் பைப் திறக்கும், சுவர் தப்பும், என் கையொப்பமும் தப்பும். ஒருத்தரும் எதுவும் அறியமாட்டார்கள். ஆனால் வருகிற வருடம்? அதற்கு அடுத்த வருடம்? ஒவ்வொரு கார்த்திகையும் ஒரு கட்டடம் கூட்டத்து முடிவைக் கும்பிட்டுக்கொண்டு நிற்க முடியாது. சுதாகரனின் மச்சான்மாருக்கும் சோறு வேண்டும். என் சுவரைக் காப்பாற்ற அவர்களுடைய றாலைக் கடலுக்கு அனுப்பச் சொல்ல எனக்கு என்ன உரிமை? பிழை என் சுவரில் இருக்கிறது. உடைக்க வேண்டியதும் அதைத்தான்.

"காக்கா, சம்மட்டி எத்தின கிடக்கு?"

"மூணு. அலவாங்கு நாலு." அவர் என்னை உற்றுப் பார்த்தார். "சேர் ஓம் எண்டாரா?"

"இல்ல."

"அப்ப ஒரு கத செல்றன் கேளுங்க. நாம உடைப்பம். நாளைக்கு அவர் வந்து கேட்டா, வெள்ளம் உடைச்சிட்டு எண்டு செல்லுவம். என்ட பொடியன்மார் வாய் தொறக்க மாட்டானுகள். உங்கட பேரும் கெடாது."

"ஏழு இடத்தில நேர் நேரா உடைக்கிற வெள்ளம் எங்கயாவது கண்டிரிக்கீங்களா காக்கா?"

அன்றைக்கு முதல்முறையாக அவர் சிரித்தார். "அதுவும் செரிதான். ஆனாலும் புள்ள, எழுதாம அடிச்சா ஆரும் புடிக்க ஏலாது."

"எழுதித்தான் அடிக்கப் போறம்."

தளப் புத்தகத்தை எடுத்து வந்து, மழை படாமல் கிட்டங்கிக் கூரைக்குக் கீழே வைத்து, மூன்று பிரதி விழ அழுத்தி எழுதினேன். 'அடிச்சுவரில் பீமுக்குக் கீழே ஏழு இடத்தில், கிட்டங்கி வாய்களுக்கு நேரே, மூன்றடி அகலத்தில் உடைக்கவும். காரணம்: போன வருடம் நான் கொடுத்த வெள்ள மட்டம் பிழை. அதை அளந்த நாளில் முகத்துவாரம் வெட்டி இருபத்தெட்டு நாள் ஆகியிருந்தது. பிரதம கட்டடக் கலைஞரின் உத்தரவுக்கு மாறாக இந்த உத்தரவைத் தருகிறேன்.' கையொப்பம் வைத்து ஒரு பிரதியைக் கிழித்துக் காக்காவிடம் கொடுத்தேன். அவர் அதை இரண்டு தரம் வாசித்து, பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"பிஸ்மில்லாஹ். எந்தக் கரையால தொடங்கிற?"

"கரையால வேணாம். நடுவால."

இது எந்தப் புத்தகத்திலும் படித்ததல்ல. முகத்துவாரம் வெட்டுகிறபோது அப்பாவோடு போய்ப் பார்த்திருக்கிறேன். தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, மண்வெட்டியால் நடு மணலில் ஒரு முழ அகலத்துக்கு வாய்க்கால் ஒன்று இழுத்து விடுவார்கள். அவ்வளவுதான். மிச்சத்தைத் தண்ணீரே வெட்டிக்கொள்ளும். கரையோரமாக வெட்டினால் தண்ணீர் கரையைத் தின்றுவிடும். இங்கேயும் கரை என்பது புதுச் சுவரைப் பழைய சுவரோடு நாங்கள் இறுக்கிய இடம். அந்த மூலையில் முதலில் திறந்தால் பாய்ச்சல் கிட்டங்கியின் காலைத்தான் அரிக்கும். ஆகவே நாலாம் வாய் முதலில். அதற்குப் பிறகு மூன்றும் ஐந்தும். மூலைகள் கடைசியில்.

வாவிப் பக்கம் இறங்கினோம். இடுப்பளவு தண்ணீர். மின்சாரம் வெட்டியிருந்தார்கள், உடைக்கிற யந்திரம் எதுவும் ஓடாது, கைதான். இடுப்பில் கயிறு கட்டி மறு நுனியைத் தூணில் சுற்றினார்கள். முதல் அடி நான்தான் அடிக்க வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். நாளைக்கு யாரும் காக்காவின் கையைக் காட்டிவிடக் கூடாது. சம்மட்டி பாரம், என் அடியில் சீமெந்துச் சுவருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. "சுவருக்குக் கூச்சம் காட்டாதீங்க புள்ள, இஞ்ச தாங்க" என்று காக்கா வாங்கிக்கொண்டார். பகிடி திரும்பி வந்தது எனக்கு ஒரு தைரியமாக இருந்தது.

ஆவணியில் கல் கல்லாகப் பார்த்துப் பார்த்து வைப்பித்த சுவர். ஒரு கல் ஆடினாலும் பிரித்துக் கட்டச் சொல்லிக் காக்காவோடு கத்தியிருக்கிறேன். அந்தச் சுவர் லேசில் விடுமா? நாலாம் வாய்க்கு ஒன்றரை மணித்தியாலம் எடுத்தது. முதலில் ஒரு தேங்காயளவு ஓட்டை. அதற்குள்ளால் தண்ணீர் பழுப்பாகப் பீறியது. "விலகுங்க, நேர நிக்காதீங்க!" என்று கத்தினேன். அலவாங்கைக் கொடுத்து இரண்டு பேர் நெம்பினார்கள். கல் பெயர்ந்தது, பக்கத்துக் கல்லும் அதோடு சேர்ந்தது, பிறகு தண்ணீரே மூன்று கல்லைத் தூக்கி வாவிக்குள் எறிந்தது. கிட்டங்கியின் இருட்டுக்குள்ளிருந்து தெருக் கான் குப்பையும் இலையும் ஒரு பழைய பந்தும் பாய்ந்து வந்து எங்களைத் தாண்டி ஓடின. அந்த இரைச்சலைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது. மழை, ஆகவே ஒருவருக்கும் தெரியவில்லை.

மூன்று. ஐந்து. இரண்டு. ஆறு. பீமுக்குக் கைபடாமல் உடைக்கச் சொல்லி நான் தொண்டை கிழியக் கத்தினேன், அவர்கள் தோள் இற்றுப்போக அடித்தார்கள். சோறு தின்ன நிற்கவில்லை. சுதாகரன் பாணும் சம்பலும் கொண்டுவந்து தண்ணீருக்குள் நின்றவர்களின் வாயில் ஊட்டாத குறை. இரண்டு மணியளவில் முதலாம் வாயும் ஏழாம் வாயும் திறந்தன. முற்றத்துத் தண்ணீர் முழங்காலிலிருந்து கரண்டைக்காலுக்கு இறங்கி, வாவியின் மட்டத்துக்கு வந்து நின்றது. கிட்டங்கிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே உயரம்.

விரிசலில் காக்கா இரண்டாம் தரம் சாந்து அப்பினார். மூன்று மணி, நாலு மணி, ஐந்து மணி. சாந்து அப்படியே கிடந்தது. காது வைத்துப் பார்த்தேன். உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

மறுநாள் காலை உதயரூபன் சேர் ரயிலால் இறங்கி, பையோடு நேரே வந்தார். மழை விட்டிருந்தது. புது மண்டபத்துக்குள், கண்ணாடி வரவேண்டிய இடத்தில் நின்றுகொண்டு, சுதாகரன் வீச்சுவலை எறிந்துகொண்டிருந்தான். திறந்த வாய்களால் வாவி உள்ளே வந்திருந்தது, அதோடு றாலும்.

சேர் அதைப் பார்த்தார், அடிச்சுவரைப் பார்த்தார். முகம் கறுத்தது. "நான் என்ன சொன்னன் உனக்கு?"

சாந்து பிளக்காத விரிசலைக் காட்டினேன், பிறகு தளப் புத்தகத்தைக் கொடுத்தேன். வாசித்தார். திரும்பவும் மேலிருந்து வாசித்தார். சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, காற்சட்டை நனைய முற்றத்தில் இறங்கி, நாலாம் வாய்க்கு முன்னால் குந்தினார். அங்கிருந்து பார்த்தால் கிட்டங்கியின் வயிற்றுக்குள்ளால், அதன் மறுபக்கத்து வாய்க்குள்ளால், நாங்கள் உடைத்த வாய்க்குள்ளால், வாவியில் போகிற தோணி தெரிந்தது.

எழும்பி வந்து, "அடியால தண்ணி ஓட இடம் விடத் தரையும் ஒண்டரையடி உயர வேணும், என்ன?" என்றார்.

"ரெண்டடி சேர். இந்த முறை நேற்றைய தண்ணியில அடையாளம் வச்சிட்டன். இதுதான் முகத்துவாரம் வெட்டாத நேரத்து மட்டம்."

"அப்ப சரிவுப் பாதை. அடிச்சுவரில ஏழு வளைவு. எல்லாம் திரும்ப வரையணும்." கோபம் குறைந்திருக்கவில்லை, ஆனால் கை ஏற்கனவே பையில் பென்சிலைத் தேடிக்கொண்டிருந்தது. "உன்னை இந்த வேலையில வச்சிருக்க ஏலாது கம்சா. கந்தோர் விடாது. இந்தப் பக்கத்தை வாசிச்சா ஆரும் விடாங்கள்."

"தெரியும் சேர்."

"ஏன் இப்பிடி எழுதின? உடைச்சது சரி. மட்டம் பிழை எண்டு ஏன் உன்ட கையால எழுதின? வெள்ளம் கூட வந்திட்டு எண்டு எழுதினா நானே கையொப்பம் வச்சிருப்பன்."

இதற்குத்தான் நான் இரவு முழுக்கப் பதில் தேடிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்த நேரம் வந்தது தேடாத பதில்.

"இந்த வாயெல்லாம் எதுக்கு எண்டு கட்டினவன் எழுதி வைக்கல்ல சேர். அதால நான் மூடினன். நானும் எழுதாட்டி இன்னொருத்தி வந்து திரும்ப மூடுவாள். என்னை விடக் கெட்டிக்காரியா இருந்தா இன்னும் வடிவா மூடுவாள்."

அவர் புத்தகத்தை மூடி என் கையில் தந்தார்.

கூட்டக்காரர் ஆறாம் நாள் முகத்துவாரத்தை வெட்டினார்கள். வாவி ஒரே பகலில் இறங்கியது. அப்பாவுக்கு நாலு ஏக்கரில் இரண்டு தப்பியது. "நீ வந்து கத்தியிருந்தா நாலும் தப்பியிருக்கும்" என்று இன்றுவரை குத்திக்காட்டுகிறார். சுதாகரனின் மச்சான்மாருக்கு அந்த வருடம் நல்ல றால். கந்தோரிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது, மாத முடிவோடு போகச் சொல்லி. மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. உடைத்த வாய்களின் ஓரங்களைச் செப்பனிட அது காணும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டு, கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். ஏழு வாய்க்கும் வளைவு கட்டி, சாந்து பூசி, அலை அரிக்காதபடி அடியில் கல் பாவினோம். உதயரூபன் சேரின் புதுப் படம் அதற்குள் வந்துவிட்டது. தொண்ணூறடிக் கோடு ஏழு இடத்தில் வளைந்து வளைந்து போயிற்று. கீழே, மட்டம் எழுதுகிற இடத்தில், முகத்துவாரம் வெட்டுவதற்கு முன்னால் எடுத்த அளவு என்று அவருடைய கையெழுத்தில் இருந்தது.

கடைசி நாள் நாலாம் வாய்க்கு மேலே இரண்டடிச் சதுரத்துக்குச் சாந்து பூசச் சொன்னேன். காக்கா பூசி, மணியாசுப் பலகையால் தேய்த்து வழுவழுப்பாக்கினார். கொங்கிறீற்று ஆணி ஒன்றை எடுத்து, ஈரச் சாந்தில் எழுதத் தொடங்கினேன்.

'இந்த ஏழு வாயும் தண்ணீர் போவதற்கு. மூட வேண்டாம். ஒருமுறை மூடியவள் எழுதுகிறேன்.'

அதற்குக் கீழே திகதி போட்டேன். காக்கா எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு என் தோளுக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"இது காணும் புள்ள. பேரும் போடணுமா? வாறவன் போறவனெல்லாம் வாசிப்பான். உங்கட புள்ளகுட்டி நாளைக்கு இஞ்ச வந்து பாக்கும்."

"போடணும் காக்கா. பேர் இல்லாட்டி ஆரோ சும்மா கிறுக்கின எண்டு பூசி விட்டிருவானுகள்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு கொஞ்சம் விலகி இடம் விட்டார். இளையதம்பி கம்சாயினி என்று முழுதாக எழுதினேன். எழுதி முடிக்கும்வரை சாந்து ஈரமாகத்தான் இருந்தது.